உத்தய்யா வீட்டு இரண்டு வெடி

நெல்லக்கேரியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யாரும் பதறுவதில்லை. கை வேலையை நிறுத்திவிட்டு, அடுத்த சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார்கள். ஒன்றோடு நின்றுவிட்டால் ஏதோ ஒரு வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. சற்று விட்டு இன்னொன்றும் வந்தால் சாவு. காப்பித் தோட்டத்தில் இருப்பவர்களும் வயலில் இருப்பவர்களும் அப்போது ஒருவரையொருவர் பார்த்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த வீடு?" குடகில் பிறந்த பிள்ளைக்கு, பேச்சு வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு காதில் ஏறிவிடும்.

தேச்சம்மாவின் தம்பி உத்தய்யா பிறந்தபோது அந்த ஒற்றை வெடியை அப்பா மாச்சய்யாவே வைத்தார். அன்றைக்குத் தோட்டாவில் மருந்து அதிகம் போட்டுவிட்டார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். தேச்சம்மா அதை ஒப்புக்கொள்வதில்லை. அவள் அப்போது முற்றத்தில் நின்றிருந்த சிறுமி. மருந்து எப்போதும் போடும் அளவுதான், அப்பாவின் சந்தோஷம்தான் அதிகம் என்பாள். மாச்சய்யாவுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அதனால் பட்டாளத்தில் எடுக்கவில்லை. ஒரே மூதாதையின் வழியில் வந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒக்கா. அந்த ஒக்காவில், அவர் தலைமுறையில், சீருடை போடாத ஆண் அவர் ஒருவர்தான். ஊரில் யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவரே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

உத்தய்யா வளர்ந்ததைத் தேச்சம்மாதான் கூட இருந்து பார்த்தாள். நாற்று நடவு முடிந்ததும் கைல்போள்து என்ற ஆயுதப் பண்டிகை வரும். அன்று வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து, குழலில் செங்காந்தள் பூச் செருகி, பூசை வைத்து, பன்றிக்கறியும் அரிசி உருண்டையான கடம்புட்டும் தின்றுவிட்டு, மரத்தின் உச்சியில் கட்டிய தேங்காயைச் சுடுவார்கள். மற்றவர்கள் தேங்காயைச் சிதறடிப்பார்கள். உத்தய்யா காம்பில் அடிப்பான். தேங்காய் முழுசாக விழும். கேட்டால், அக்காவுக்குத் தேங்காய் வீணாகக் கூடாது என்பான். அந்தத் தேங்காயைத் தேச்சம்மா அரைத்துக் குழம்பில் ஊற்றி, யார் சுட்டது என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லித்தான் பரிமாறுவாள்.

அவன் பட்டாளத்துக்குப் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கார்கில் சண்டைக்கு அவன் படைப்பிரிவு போனபோது, மாச்சய்யா வானொலிப் பெட்டியைக் காப்பி உலர்த்தும் களத்துக்கே தூக்கி வந்துவிட்டார். சண்டை முடிந்தது. உத்தய்யா ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இடது காது முழுக்கக் கேட்காமல், பனியில் கருகிய இரண்டு கால்விரல்களை இழந்து, அடுத்த பனிக்காலத்தில் ஊர் திரும்பினான்.

சண்டை முடித்து வருகிற ஆண்பிள்ளையை எப்படி வரவேற்பது என்று குடகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒக்காவின் பட்டேதாரான பெள்ளியப்பா, குடும்பத்துக்கு மூத்தவர், ஆண்கள் எல்லோரும் முழங்கால்வரை நீளும் கறுப்பு அங்கியான குப்பியா அணிந்து, இடுப்பில் பட்டுக் கச்சை கட்டி, துப்பாக்கியோடு முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும் என்றார். உத்தய்யா ஜீப்பில் இருந்து இறங்கினான். சித்தப்பா மகன் செங்கப்பாவின் நாலு வயது மகள் பூக்கொத்தோடு அவனிடம் ஓடினாள். அந்த நேரத்தில் மாச்சய்யா கையைத் தூக்க, அத்தனை துப்பாக்கிகளும் வானத்தை நோக்கி வெடித்தன.

உத்தய்யா தரையில் கிடந்தான். காப்பிக் கொட்டை பரப்பியிருந்த களத்தில் முகம் புதைய விழுந்து கிடந்தான். முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு செங்கப்பா சிரித்தான். அதைப் பார்த்து இன்னும் சிலர் சிரித்தார்கள். உத்தய்யா எழுந்து, முகத்தில் ஒட்டிய கொட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனான். அவன் வயிற்றுக்கு அடியில் கிடந்த செங்கப்பாவின் மகள் அதற்குப் பிறகுதான் எழுந்தாள். பூக்கொத்து நசுங்கியிருந்தது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. அவன் விழுந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எதன் மேல் விழுந்தான் என்பதைத் தேச்சம்மா பார்த்தாள்.

அதற்குப் பிறகு உத்தய்யா துப்பாக்கியைத் தொடவில்லை. ஒவ்வொரு கைல்போள்துக்கும் முதல் நாளே பஸ் ஏறி மலை இறங்கித் தலச்சேரிக்குப் போய்விடுவான். அங்கே கடற்கரையில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் ஒரு கூடை மத்தி மீனோடு திரும்புவான். பூசை வரிசையில் அவன் இடம் காலியாக இருக்கும். மாச்சய்யா அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில், குட்டைக் காலில் நிற்பார்.

ஊர் பேசாமல் இருக்குமா? பட்டாளத்தில் சமையல்காரனாகத்தான் இருந்திருப்பான் என்றார்கள். கடல் மீன் தின்னவே பிறந்தவன் என்றார்கள். விராஜ்பேட்டைப் பக்கம் பார்த்த பெண்ணின் வீட்டார், பையன் தரையில் சுவரோடு முதுகு ஒட்டித்தான் படுப்பானாமே என்று யாரிடமோ கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஊனப் பென்ஷனுக்காகப் பட்டாளத்து மருத்துவக் குழு ஒன்று அவன் காதைச் சோதித்து, அது பிறவியிலேயே மந்தமாக இருந்திருக்கலாம் என்று முடிவு சொன்னது. அன்றைக்குத் தேச்சம்மா கொதித்துவிட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம் வயலில் பன்றி இறங்கினால் படுக்கையில் இருந்தே எத்தனை என்று சொன்ன காது அது. வருஷத்துக்கு ஒரு முறை பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அழைத்துச் சால்வை போடுவார்கள். படம் எடுத்து முடிந்ததும் நாற்காலியை வேறு யாருக்கோ இழுத்துப் போடுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு விடுதியில் வாசல் காவலுக்குச் சேர்ந்தான். அவர்கள் அவனைக் குப்பியா போட்டு, தோளில் பழைய துப்பாக்கியோடு, வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் வைக்கச் சொன்னார்கள். சல்யூட் வைக்கிறேன், துப்பாக்கி வேண்டாம் என்றான். அப்படியானால் நீ எதற்கு என்று கேட்டார்களாம். வந்துவிட்டான். மறுநாளில் இருந்து அப்பாவின் தோட்டத்தில் மிளகுக் கொடி கட்டினான், காப்பி பறித்தான், களத்தில் கொட்டை கிளறினான். எந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டான்.

தேச்சம்மாவைக் கட்டிக்கொடுத்தது வயலுக்கு எதிர்க்கரை வீட்டில். வரப்பில் நடந்தால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். எனவே அவள் வராத நாள் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில், ஹுப்பள்ளிப் பக்கத்து ஆள் ஒருவர் கட்டைக்காலோடு வந்து இறங்கினார். பெயர் பசவராஜ். உத்தய்யாவோடு ஒரே பிரிவில் இருந்தவர். உத்தய்யா அவரைக் கண்டதும் காப்பி கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போனவன், வெளியே வரவே இல்லை. பசவராஜ் மாச்சய்யாவிடம் பேசினார். மலையில் தன் கால் போனபோது உத்தய்யாதான் முதுகில் சுமந்து இறக்கினான் என்றார். குண்டு விழும்போதெல்லாம் அவரைப் பாறை இடுக்கில் கிடத்தி, மேலே தான் குப்புறப் படுத்துக்கொண்டானாம். காது போனது அப்படிப் படுத்திருந்தபோதுதான் என்றார். மாச்சய்யா எழுந்து நின்று அந்த ஆளுக்குக் கை கூப்பினார். அடுப்படியில் தேச்சம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் பால் பொங்குகிறதா என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவை செங்கப்பா தன் பழைய சிரிப்பை எடுத்துவிட்டபோது, தேச்சம்மா பொறுக்கவில்லை. சந்தையில், பத்துப் பேர் முன்னால் கேட்டாள்.

"அன்னிக்கு என் தம்பி விழுந்தான்னு சிரிக்கிறியே, செங்கப்பா. அடியில யாரு இருந்தா?"

"யாரு இருந்தா?"

"உன் பொண்ணு. நீ அப்போ துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு மேகத்தைப் பார்த்துட்டு இருந்த."

செங்கப்பா வாழைக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

மாச்சய்யா படுத்தது ஒரு தை மாதத்தில், காப்பிப் பறிப்பு உச்சத்தில் இருந்தபோது. நுரையீரலில் நீர் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பார்க்க வந்த பெள்ளியப்பாவிடமும் செங்கப்பாவிடமும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு வெடி என் மகன் கையால வைக்கணும். பட்டாளத்துல இருந்து வந்தவன் கை. வேற யாரும் வேண்டாம்."

இதைக் களத்தில் கொட்டை கிளறிக்கொண்டிருந்த உத்தய்யாவிடம் கொண்டுபோய்ச் சொன்னது செங்கப்பாதான். உன்னால் முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, நான் வைக்கிறேன், அந்த நேரத்தில் தலச்சேரி பஸ்ஸைத் தேடாதே என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

தேச்சம்மா வந்தபோது உத்தய்யா கொட்டை கிளறும் பலகைக்கோலை நெஞ்சோடு சாய்த்து நின்றிருந்தான். அவள் அவனுடைய வலது பக்கம், கேட்கிற காதின் பக்கம், போய் நின்றாள். அவனாகவே பேசினான். இத்தனை வருஷத்தில் சண்டையைப் பற்றி அவன் வாய் திறந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"நம்ம ஊர்ல ரெண்டு வெடி கேட்டா என்ன கேப்போம், அக்கா?"

"எந்த வீடுன்னு கேப்போம்."

"அங்க முதல் நாள் ரெண்டு சத்தம் வந்துச்சு. என்னையறியாம, எந்த வீடுன்னு மனசு கேட்டுச்சு. உடனே அடுத்த ரெண்டு. அதுக்கும் எந்த வீடு. அது நிக்கவே இல்ல. ராத்திரி பகல் நிக்கல. கூட இருந்த வடக்கத்திப் பசங்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொண்ணும் ஒரு வீடு. நம்ம பக்கம் சுட்டாலும் வீடுதான். அந்தப் பக்கம் விழுந்தவனுக்கும் வீடு இருக்கும்ல? திரும்பி வந்து இறங்கினேன். முற்றத்துல அத்தனை துப்பாக்கி. நம்ம வீட்டுலயே அத்தனை சாவுன்னு நெனச்சுட்டேன்."

தேச்சம்மா பலகைக்கோலை அவன் கையில் இருந்து வாங்கி, அவன் விட்ட இடத்தில் இருந்து கொட்டையைக் கிளறி முடித்தாள். முடித்துவிட்டு நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போனாள். மூடி மறைப்பது அவள் வழக்கம் இல்லை. தம்பி சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

மாச்சய்யா தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "அன்னிக்குக் கையத் தூக்கினது நான்தானே," என்றார். ஆமாம் என்றாள். கண்ணோரம் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. "பெள்ளியப்பாவக் கூப்பிடு. எனக்கு வெடி வேண்டாம்," என்றார்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வது கஷ்டம். வெடி இல்லாமல் ஒரு குடகன் சாவது, ஊருக்குச் சொல்லாமல் திருட்டுத்தனமாகப் போவது போல. தூக்கு மாட்டிக்கொண்டவனுக்குக்கூட வெடி உண்டு. பெள்ளியப்பா அதிர்ந்துபோனார். மாச்சய்யா பிடிவாதமாக இருந்தார். சீருடை போடாதவன் என்ற குறையை ஆயுள் முழுக்கச் சுமந்த மனுஷன், கடைசியில் தனக்கு வரவேண்டிய மரியாதையையும் மகனுக்காக விட்டுக்கொடுத்தார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உத்தய்யா உள்ளே வந்தான்.

"அதெல்லாம் நடக்காது அப்பா. எந்த வீடுன்னு ஊர் கேக்கணும். நம்ம வீடுன்னு சொல்லணும்."

"உன்னால ஆகாதுடா."

"சுட என்னால ஆகாது. அது உண்மை. ஆனா எனக்குத் தெரியாம வர்ற சத்தம்தான் என்னைத் தள்ளுது. நான் சொல்லி வந்தா, நிப்பேன்னு நெனைக்கிறேன். அக்கா வைக்கட்டும். நான் சொல்றேன்."

பெள்ளியப்பா குறுக்கே வந்தார். தேச்சம்மா கல்யாணமாகி வேறு ஒக்காவுக்குப் போனவள், அதிலும் பெண், முறை எங்கே இருக்கிறது என்றார்.

"பேர்தான் பெரியப்பா அங்க போச்சு," என்றாள் தேச்சம்மா. "ஆளு தினமும் இங்கதான நிக்கிறேன்?"

மாச்சய்யா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும், "ரெண்டு பேரும் என் கைதான்," என்றார். பெள்ளியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நாலாம் நாள் காலையில், காப்பி பறிக்கிறவர்கள் தோட்டத்துக்குள் இறங்கிய நேரத்தில் மாச்சய்யா போனார். குளிப்பாட்டி, வெள்ளைக் குப்பியா அணிவித்து நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். செங்கப்பா இரட்டைக் குழல் துப்பாக்கியோடு முற்றத்தில் தயாராக நின்றான். உத்தய்யா அவனிடம் போய்க் கை நீட்டினான். செங்கப்பா கொடுத்தான். ஊர் திரும்பியதற்குப் பிறகு உத்தய்யா துப்பாக்கி பிடித்தது அப்போதுதான். குழலை மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி உள்ளே பார்த்தான். வலது குழலில் தூசி இருந்தது. துணி வாங்கித் துடைத்தான். இரண்டு தோட்டாக்களையும் அவனே போட்டு மூடினான். ஒன்றையும் தவறவிடவில்லை. துப்பாக்கியை அக்காவிடம் கொடுத்து, கட்டை தோளில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். பிறகு அவளுக்கு முன்னால், அவள் முகம் தெரியும்படி, கால்களைச் சேர்த்து நின்றான்.

சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் களத்தைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், அவனை மட்டும் பார்க்கவில்லை. தேச்சம்மா அவனை மட்டுமே பார்த்தாள். அவன் விழுந்தால் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். அப்பாவின் மரியாதை அதனால் போனால் போகட்டும் என்றுகூட நினைத்தாள்.

"வை," என்றான்.

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. மலைமேல் ஆட்களை நடத்திய, பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த உத்தய்யாவின் குரல் அது. விசையை அழுத்தினாள். சத்தம் வயலைத் தாண்டி எதிர்க்கரையில் மோதித் திரும்பியது. உத்தய்யாவின் கண் இமை இறுக மூடித் திறந்தது. தாடை துடித்தது. கால்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எதிரொலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்தான். அவசரப்படவில்லை.

"வை," என்றான் மறுபடியும்.

இரண்டாவதும் போனது. தோட்டத்தில் பறிப்பு நின்றது தெரிந்தது. எங்கோ ஒரு பெண் குரல், எந்த வீடு என்று கேட்டது. உத்தய்யா அந்தப் பக்கம் திரும்பி, "மாச்சய்யா வீடு," என்று உரக்கச் சொன்னான்.

அதன் பிறகு மெதுவாக நடந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனான். தேச்சம்மா செம்பில் தண்ணீரோடு பின்னாலேயே போனாள். வாந்தி எடுத்து முடித்து, சுவரில் கை ஊன்றி நின்றிருந்தான். சட்டை முழுக்க வியர்வை. இது தீர்ந்துபோகிற சங்கதி இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் அவன் முதுகை நீவிவிட்டாள். அவன் வாய் கொப்பளித்தான்.

"நின்னேனா அக்கா?"

"நின்ன."

"நேரா நின்னேனா?"

"உன் இடது குதிகால் கொஞ்சம் தூக்கிச்சு. மத்தபடி நேராத்தான் நின்ன."

அவன் சிரித்துவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தான்.

உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். துப்பாக்கியோடு வருகிறவர்கள் வழக்கப்படி படி ஏறுமுன் வானத்தைப் பார்த்து ஒன்று வைப்பார்கள். தேச்சம்மா பதறி வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அங்கே செங்கப்பா நின்றிருந்தான். ஒவ்வொரு ஜீப்பையும் கைகாட்டி நிறுத்தி, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"துப்பாக்கி வண்டியிலயே இருக்கட்டும். உள்ள உத்தய்யா இருக்கான்."

ஏன் என்று யாரோ ஒரு இளவட்டம் முறுக்கிக்கொண்டது. "சண்டைக்குப் போய்ட்டு வா, அப்புறம் வந்து ஏன்னு கேளு," என்றான் செங்கப்பா. பையன் துப்பாக்கியைத் திரும்ப வண்டியில் வைத்தான்.

பக்கத்து ஒக்காவின் மூத்தவர் கம்பூன்றி வந்து பெள்ளியப்பாவின் அருகில் உட்கார்ந்தார். இரண்டு வெடிக்கும் நடுவே விட்ட இடைவெளி அவ்வளவு நிதானமாக இருந்தது, இப்படிக் கேட்டு ரொம்ப நாளாயிற்று, யார் வைத்தது என்று விசாரித்தார். பெள்ளியப்பா கூடத்துக்குள் பார்த்தார். முறை தவறாத மனுஷன். என்ன சொல்லப்போகிறாரோ என்று தேச்சம்மா தூணோரம் நின்றாள்.

"மகன் வச்சான்," என்றார் பெள்ளியப்பா.

துப்பாக்கிக் கட்டை இடித்த தோள் தேச்சம்மாவுக்கு விண்விண்ணென்று வலித்தது. அதைத் தடவிக்கொண்டே, ஆமாம் என்று அவளும் தலையசைத்தாள்.